பிக்அப்பை மாற்ற முதல் ஸ்க்ரூ ட்ரைவரை எடுங்கள்

போன கிழமை பழைய மாணவன் ஒருவன் வட்ஸ்அப்பில் வந்தான்.

"சேர், வெளிநாட்டால பிக்அப் செட் ஒண்டு எடுக்கப் போறன். சிங்கிள் கொயில் நல்லமா, ஹம்பக்கர் நல்லமா?"

"இப்ப இருக்கிறதுக்கு என்ன மகன்?"

"சத்தம் சரியில்ல சேர். கோர்ட் புடிச்சா ஒண்டோட ஒண்டு சேருதில்ல. விரலும் வெடிச்சிட்டு. கடையில கேட்டன். பிக்அப் மலிவு சாமான், அதுதான் எண்டாங்க."

சல்லி எங்கால என்று கேட்டேன். கொஞ்ச நேரம் பதில் இல்லை. பிறகு எழுதினான்: "உம்மாட காப்பு ஒண்டு இருக்கு சேர். அடகு வெச்சிட்டு பொறகு மீட்டுக் குடுக்கலாம்."

காப்பு என்ற சொல்லைக் கண்டதும் எனக்கு மற்றதெல்லாம் மறந்துவிட்டது. "ஒன்றும் வாங்காதே. கிட்டாரைத் தூக்கிக்கொண்டு சனிக்கிழமை வீட்டுக்கு வா" என்று எழுதினேன்.

அந்தச் சனிக்கிழமை நடந்ததைத்தான் எழுதுகிறேன். இதே கேள்வியை இந்த வருடம் என்னிடம் கேட்ட நாலாவது பிள்ளை இவன்.

முதலில் ஒரு வேண்டுகோள். இசை கூடுமா கூடாதா என்ற விவாதத்தை இந்தப் பதிவின் கீழே தொடங்க வேண்டாம். அதற்கு உலமாக்கள் இருக்கிறார்கள், வேறு இடங்கள் இருக்கின்றன. இது ஏற்கெனவே வாங்கிவிட்டவர்களுக்கான பதிவு. வீண்விரயம் கூடாது என்பதில் நம் எவருக்கும் கருத்து வேறுபாடு இல்லை என்று நினைக்கிறேன். நான் பேசப்போவது அதைத்தான்.

எனது கருத்து இதுதான்: இலெக்ட்ரிக் கிட்டாருக்குச் செலவு செய்வதற்கு ஓர் ஒழுங்கு இருக்கிறது. முதலில் செட்டப். அடுத்தது அம்ப். அதற்குப் பிறகு பெடல். கடைசியில்தான் பிக்அப். எங்கள் பிள்ளைகள் இதை அப்படியே தலைகீழாகச் செய்கிறார்கள். யூடியூப்பில் வருவதெல்லாம் விற்கக்கூடிய சாமான்கள். செட்டப்பை யாரும் பெட்டியில் போட்டு விற்க முடியாது. அதனால் அதற்கு விளம்பரமும் இல்லை.

ஏன் இந்த ஒழுங்கு? தரம் 11 விஞ்ஞானத்தில் மின்காந்தத் தூண்டல் படித்தவர்களுக்கு இது விளங்கும். பிக்அப் என்பது காந்தத்தைச் சுற்றிய செப்புக் கம்பிச் சுருள். அதற்கு மேலே உருக்குக் கம்பி அதிரும்போது காந்தப் புலம் மாறுகிறது, சுருளில் சிறிய மின்னோட்டம் பிறக்கிறது. அவ்வளவுதான். பிக்அப்புக்குச் சுருதி தெரியாது. கம்பி பிழையான சுருதியில் அதிர்ந்தால், விலை உயர்ந்த பிக்அப் அந்தப் பிழையை இன்னும் தெளிவாக எடுத்துச் சொல்லும்.

சரி, கம்பி ஏன் பிழையாக அதிர்கிறது? உயர்தரத்தில் சுரமானிப் பரிசோதனை செய்தவர்கள் யோசித்துப் பாருங்கள். இழுவை கூடினால் மீடிறன் கூடும். கம்பி பிரெட்டுக்கு மேலே மிக உயரத்தில் நின்றால், அதை அழுத்தும்போது கம்பி இழுபடுகிறது, இழுவை கூடுகிறது, சுருதி ஏறிவிடுகிறது. திறந்த கம்பியில் டியூனர் சரி என்று காட்டும். கோர்ட் பிடித்தால் ஒன்றும் சேராது. பிள்ளை சொன்னது இதைத்தான்: "ஒண்டோட ஒண்டு சேருதில்ல." விரல் வெடித்ததற்கும் அதே உயரம்தான் காரணம்.

அவனுடைய கிட்டார் ஸ்ட்ராடோகாஸ்டர் பாணியில் செய்த ஒரு மலிவுச் சாமான். 12ஆம் பிரெட்டில் ரூலரை வைத்துப் பார்த்தேன். தடித்த கம்பி மூன்று மில்லிமீற்றருக்கும் மேலே நின்றது. பிரிட்ஜ் முன்பக்கம் தூக்கிக்கொண்டு நின்றது. சாடில் ஆறும் ஒரே நேர்கோட்டில், பள்ளிக்கூட அசெம்பிளி மாதிரி. ஃபெக்டரியில் இருந்து வந்த நாளில் இருந்து அதில் ஒருவரும் கை வைக்கவில்லை என்பதற்கு அதுவே சாட்சி.

நாங்கள் செய்ததை ஒழுங்காகச் சொல்கிறேன். ஒழுங்கு முக்கியம். ஒன்றை மாற்றினால் அடுத்தது மாறும்.

ஒன்று, புதுக் கம்பி. கரையோரத்தில் இருக்கும் எங்களுக்கு உப்புக் காற்றும் வியர்வையும் சேர்ந்து கம்பியைச் சீக்கிரம் துருப்பிடிக்க வைக்கும். துருப்பிடித்த கம்பியை எந்த மனிதனாலும் சரியாகச் சுருதி சேர்க்க முடியாது. தொடங்குபவர்களுக்கு 9 அல்லது 10 கேஜ் போதும். நட்டின் வெட்டுகளில், அதாவது தலைப்பக்கம் கம்பிகள் தங்கும் இடத்தில், பென்சில் கூரால் இரண்டு தடவை தேய்த்து விடுங்கள். கம்பி அதற்குள் சிக்காமல் வழுக்கிப் போகும்.

இரண்டு, பிரிட்ஜ். விப்ரேஷன் ஆர்ம் பாவிக்காத பிள்ளைக்கு மிதக்கும் பிரிட்ஜ் தேவையில்லை. பின்மூடியைக் கழற்றி ஸ்பிரிங்குகளைப் பிடித்திருக்கும் இரண்டு ஸ்க்ரூக்களையும் இறுக்கினால் பிரிட்ஜ் உடலோடு படிந்து நிற்கும். சுருதி அடிக்கடி ஓடுகிறது என்ற முறைப்பாட்டில் பெரும்பகுதி இதோடு போய்விடும்.

மூன்று, கழுத்தின் வளைவு. முதலாம் பிரெட்டையும் கடைசிப் பிரெட்டையும் ஒரே நேரத்தில் அழுத்திப் பிடியுங்கள். 7ஆம், 8ஆம் பிரெட்டுக்கு மேலே கம்பிக்கும் உலோகத்துக்கும் இடையில் சிறு இடைவெளி தெரிய வேண்டும். ஏறத்தாழ 0.25 மி.மீ. அதை அளக்கக் கருவி வாங்க வேண்டாம். 10 கேஜ் செட்டின் மெல்லிய கம்பியின் தடிப்பே 0.25 மி.மீ தான். வெட்டி எறிந்த துண்டை அந்த இடைவெளிக்குள் விட்டுப் பாருங்கள். தாராளமாகப் போனால் ட்ரஸ் ரொட்டை வலப்பக்கம் கொஞ்சம் இறுக்க வேண்டும். ஒரு தடவைக்குக் கால் சுற்றுக்கு மேல் வேண்டாம். அளவான அலன் கீதான் பாவிக்க வேண்டும். இறுகி நின்றால் பலத்தைக் காட்டாதீர்கள், தெரிந்தவரிடம் கொடுங்கள். இந்த முழு வேலையிலும் பணத்தை உடைக்கக்கூடிய இடம் இது ஒன்றுதான்.

நான்கு, கம்பியின் உயரம். 12ஆம் பிரெட்டில் தடித்த கம்பி 2 மி.மீ அளவிலும் மெல்லிய கம்பி 1.5 மி.மீ அளவிலும் நின்றால் அது நல்ல தொடக்கம். மேலும் இறக்கினால் சிலருக்குக் கம்பி பிரெட்டில் தட்டி இரையும். உங்கள் கைக்கு எது சரியோ அதில் நிறுத்துங்கள்.

ஐந்து, இன்டொனேஷன். 12ஆம் பிரெட்டுக்கு நேரே கம்பியை மெல்லத் தொட்டு எழுப்பும் மேற்றொனியையும் அதே பிரெட்டை அழுத்தி எழுப்பும் சுரத்தையும் டியூனரில் ஒப்பிடுங்கள். அழுத்தியது ஏறியிருந்தால் சாடிலைப் பின்னுக்கு எடுங்கள், இறங்கியிருந்தால் முன்னுக்குத் தள்ளுங்கள். ஃபோனில் உள்ள இலவச டியூனரே போதும்.

ஆறு, பிக்அப்பின் உயரம். ஆம், மாற்ற வேண்டாம் என்று சொன்ன அதே பிக்அப். கடைசிப் பிரெட்டை அழுத்திக்கொண்டு பார்த்தால் சிங்கிள் கொயிலில் தடித்த பக்கம் 2.4 மி.மீ, மெல்லிய பக்கம் 2 மி.மீ அளவு இடைவெளி நல்லது. சத்தம் கூட வேண்டும் என்று பிக்அப்பைக் கம்பியோடு ஒட்ட வைப்பார்கள். அப்போது காந்தம் கம்பியை இழுத்துப் பிடிக்கும். மேல் பிரெட்டுகளில் இரண்டு சுரம் சண்டை பிடிப்பது மாதிரி ஒரு அலைச்சல் கேட்கும். அதைக் கேட்டு "பிக்அப் பழுது" என்று கழற்றி எறிந்தவர்களை எனக்குத் தெரியும். அரைச் சுற்று ஸ்க்ரூவில் தீர்ந்திருக்க வேண்டிய பிரச்சினை அது.

அஸருக்குப் பிறகு தொடங்கி மஃரிபுக்கு முன்னர் முடித்துவிட்டோம். செலவு ஒரு செட் கம்பி.

இதில் ஒரு நியாயமான மறுப்பு இருக்கிறது. "எல்லா மலிவுக் கிட்டாரையும் செட்டப்பால் காப்பாற்ற முடியாது சேர்." உண்மை. முறுகின கழுத்தையும் தூக்கி நிற்கும் பிரெட்டையும் ஸ்க்ரூ ட்ரைவர் திருத்தாது. அதனால்தான் வாங்கும்போது பார்க்க வேண்டியது நிறத்தையும் தலையில் உள்ள பெயரையும் அல்ல. துப்பாக்கியைக் குறிபார்ப்பது மாதிரி கழுத்தை நீளவாட்டில் பாருங்கள், முறுகல் தெரியும். ஒவ்வொரு கம்பியிலும் ஒவ்வொரு பிரெட்டையும் அழுத்தித் தட்டுங்கள். செத்த சுரம் இருக்கிறதா? ஓரங்களில் பிரெட் கையைக் கீறுகிறதா? வயர் குத்தும் இடம் ஆடுகிறதா? பத்து நிமிட வேலை. கடைக்காரர் முகம் சுளித்தால் சுளிக்கட்டும்.

2022இல் டொலர் இருநூறு ரூபாவில் இருந்து முந்நூற்று அறுபது வரை ஏறியதன் பிறகு புதுச் சாமான் எங்களுக்கு எட்டாத தூரத்துக்குப் போய்விட்டது. வெளிநாடு போகிறவர்கள் விற்றுவிட்டுப் போகும் பழைய கிட்டார்கள் நல்ல வாய்ப்பு. நன்றாகப் பாவித்த கிட்டார் என்றால் பெரும்பாலும் யாரோ அதை ஏற்கெனவே செட்டப் செய்திருப்பார்கள்.

மரத்தைப் பற்றியும் கேட்பார்கள். அல்டர் நல்லதா, மஹோகனி நல்லதா? ஜிம் லில் என்ற அமெரிக்கக் கிட்டார் கலைஞர் உடலே இல்லாமல், கழுத்தே இல்லாமல், கம்பிகளை வெறும் வெளியில் இழுத்துக் கட்டி, கீழே பிக்அப் வைத்து வாசித்து யூடியூப்பில் போட்டிருக்கிறார். கண்ணை மூடிக்கொண்டு கேட்டுப் பாருங்கள். இலெக்ட்ரிக் கிட்டாரில் மரத்தின் பெயருக்காக மேலதிகச் சல்லி கொடுக்கும் ஆசை அதோடு குறைந்துவிடும்.

இனி அம்ப். எங்கள் ஊர்களில் பிள்ளைகள் பெடலை வாங்கி வீட்டு செட்டில் குத்துகிறார்கள். பிறகு "தேனீக் கூடு மாதிரிக் கத்துது" என்கிறார்கள். கத்தத்தான் செய்யும். கிட்டார் அம்ப்பின் ஸ்பீக்கர் ஏறத்தாழ 5,000 ஹேர்ட்ஸுக்கு மேலே உள்ளவற்றைப் பெரிதாக வெளிவிடாது. டிஸ்டோர்ஷனின் கூரான கரகரப்பை அதுதான் அரித்தெடுக்கிறது. வீட்டு செட் எல்லாவற்றையும் வெளிவிடும். எனவே நூறு பெடலை விட ஒரு சிறிய, ஒழுங்கான கிட்டார் அம்ப் மேல். அதற்கும் வசதியில்லை என்றால், ஸ்பீக்கர் கபினெட்டைப் போலச் செய்து காட்டும் வசதி உள்ள ஒரு மல்டி எஃபெக்ட்ஸ் வாங்கி ஹெட்போனில் கேளுங்கள். பக்கத்து வீட்டுக்காரரும் துஆச் செய்வார்.

அம்ப்பில் சிக்கனம் பிடிக்கக் கூடாத விடயம் ஒன்றும் இருக்கிறது. மூன்று முனை பிளக்கை இரண்டு முனை அடெப்டரில் குத்தாதீர்கள். கிட்டாரின் கம்பிகள் வயர் வழியாக அம்ப்பின் புவித்தொடுப்போடு இணைந்திருக்கின்றன. புவித்தொடுப்பு இல்லாத அம்ப்பில் பழுது வந்தால் 230 வோல்ட் உங்கள் விரலுக்கு வரலாம். கையில் கம்பி, உதட்டில் மைக் என்றால் இன்னும் ஆபத்து. இதைப் படிக்கும் பெற்றோர் வேறொன்றையும் ஞாபகம் வைக்காவிட்டாலும் பரவாயில்லை, இதை வையுங்கள்.

பெடல் விடயத்தில் நான் புனிதன் இல்லை. ஆசிரியர் பயிற்சிக் காலத்தில் கைச்செலவுக் காசை மிச்சம் பிடித்து ஒரு டிஸ்டோர்ஷன் பெடல் வாங்கினேன். விடுதியில் கிடந்த கீபோர்ட் அடெப்டரைக் குத்தினேன். அதுவும் 9 வோல்ட்தான். ஆனால் அதில் நடுமுனை நேர். பெரும்பாலான பெடல்களுக்கு நடுமுனை மறை. ஒரு தரம் மணத்தது, அவ்வளவுதான். மூன்று மாதச் சேமிப்பு. வோல்ட் மட்டும் பார்க்காதீர்கள். முனை எது, எத்தனை மில்லிஅம்பியர் என்றும் பாருங்கள். சாதாரண ஓவர்ட்ரைவ் சில மில்லிஅம்பியரில் ஓடும். டிஜிட்டல் டிலே நூறு மில்லிஅம்பியரும் கேட்கலாம்.

எத்தனை பெடல் வேண்டும்? டியூனர், ஓவர்ட்ரைவ், டிலே. இந்த மூன்றையும் ஒரு வருடம் பாவித்துவிட்டு நாலாவதைப் பற்றி யோசியுங்கள். அதே ஒழுங்கில் அடுக்குங்கள். டிலேயை ஓவர்ட்ரைவுக்கு முன்னால் வைத்தால் எதிரொலிகளும் சேர்ந்து நசுங்கிக் கஞ்சியாகும். சிலருக்கு அது பிடிக்கும், தெரிந்து செய்தால் சரி. பொஸ் கம்பனியின் டீஎஸ் 1 என்ற செம்மஞ்சள் பெட்டி 1978இல் வந்தது, இன்றும் விற்கிறது. புதிதாக வருவதெல்லாம் தேவை என்றில்லை.

கடைசியில் பிக்அப். நான் அதற்கு எதிரி அல்ல. செட்டப் செய்து, நல்ல அம்ப்பில் கேட்டு, ஆறு மாதம் வாசித்த பிறகும் "இந்தச் சத்தத்தில் எனக்கு இது குறைகிறது" என்று ஒரு வசனத்தில் சொல்ல முடிந்தால் மாற்றுங்கள். உங்கள் குறை இரைச்சல் என்றால் ஹம்பக்கருக்குக் காரணம் உண்டு. சிங்கிள் கொயில் எங்கள் மின்சாரத்தின் 50 ஹேர்ட்ஸ் முனகலையும் சேர்த்தே பிடிக்கும். 1955இல் கிப்ஸன் கம்பனியின் செத் லவர் இரண்டு சுருள்களை எதிரெதிராக இணைத்து அந்த முனகல் தன்னைத்தானே அழிக்கும்படி செய்தார். ஹம்பக்கர் என்ற பெயரே அதனால் வந்தது. ஆனால் மாற்றும்போது உள்ளே இருக்கும் வொலியூம் பொட்டையும் பாருங்கள். சிங்கிள் கொயிலுக்கு வழமையாக 250 கிலோ ஓம், ஹம்பக்கருக்கு 500. ஹம்பக்கரைப் போட்டு 250ஐ அப்படியே விட்டால் சத்தம் மங்கும். பிறகு மூன்றாவது பிக்அப் தேடுவீர்கள். "ஓம் கூடினது நல்லது" என்று விற்பவர்களையும் நம்ப வேண்டாம். கூடுதலாகச் சுற்றிய சுருள் பலமாகக் கேட்கும், கூர்மை குறையும். அது தரமல்ல, தெரிவு.

பெரிய கலைஞர்களின் சாமான் பட்டியலைக் காட்டி வாதாடுபவர்களுக்கு இரண்டு பேரைச் சொல்கிறேன். பிளக் சபத் குழுவின் டோனி அயோமி 1965இல் தகரத் தொழிற்சாலையில் இரண்டு விரல் நுனிகளை இழந்தார். பிளாஸ்டிக் போத்தலை உருக்கி விரலுக்கு உறை செய்தார். அந்தக் காலத்தில் மெல்லிய கிட்டார் கம்பி கிடைக்காததால் பான்ஜோ கம்பியைப் பூட்டினார். கையை வாத்தியத்துக்கு வளைக்கவில்லை, வாத்தியத்தைக் கைக்கு வளைத்தார். குயீன் குழுவின் பிரையன் மே பதினாறு வயதில், 1963இல், வாப்பாவோடு சேர்ந்து கிட்டாரைத் தானே செய்யத் தொடங்கினார். கழுத்துக்குப் பழைய அடுப்பங்கரையின் மரம், பிரிட்ஜுக்கு மோட்டார் சைக்கிள் வால்வ் ஸ்பிரிங், ஆர்மின் நுனிக்கு உம்மாவின் பின்னல் ஊசி. அவர்கள் வீட்டில் இருந்தது பணம் அல்ல. பொறுமையும் ஒரு ஸ்க்ரூ ட்ரைவரும்.

அந்தப் பிள்ளையிடம் திரும்பி வருகிறேன். கடைசிக் கம்பியையும் சரிபார்த்துவிட்டுக் கையில் கொடுத்தேன். ஒரு ஜீ கோர்ட் பிடித்தான். நிறுத்தினான். இன்னொரு தரம் பிடித்தான். பிறகு சொன்னான்: "எனக்குத்தான் மியூசிக் வராது எண்டு நினச்சன் சேர்."

அந்த வார்த்தை இன்னும் என் காதுக்குள் நிற்கிறது. எட்டு மாதம் அந்தப் பிள்ளை குறையைத் தன் காதிலும் விரலிலும் தேடியிருக்கிறான். அது கிடைக்காதபோது உம்மாவின் காப்பில் தேடப் போயிருக்கிறான். குறை இருந்தது ஒன்றரை மில்லிமீற்றரில். வகுப்பறையிலும் நாங்கள் இப்படி எத்தனை பிள்ளைகளுக்குச் செய்திருப்போம் என்று அன்றிரவு யோசித்தேன். "இவனுக்குக் கணிதம் ஏறாது" என்று சொல்ல முதல் பிள்ளை உட்காரும் இடத்தில் இருந்து கரும்பலகை தெரிகிறதா என்று பார்த்தோமா?

எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்ல மாட்டேன். ஒரு பிரெட் இன்னும் கொஞ்சம் இரைகிறது, அதற்கு அரம் தேவை, அது என் கைவேலை அல்ல. பிக்அப்பும் மெல்லியதுதான். கேட்டேன், என்ன செய்யப் போகிறாய் என்று. "இப்ப வேணாம் சேர், பொறகு பாப்பம்" என்றான். காப்பு உம்மாவின் கையில்தான் இருக்கிறது.

வீட்டில் கிட்டார் வைத்திருப்பவர்கள் இன்றிரவு 12ஆம் பிரெட்டில் ஒரு ரூலரை வைத்துப் பாருங்கள். அளவைக் கொமன்ட்டில் போடுங்கள். பள்ளிக்கூட ரூலரே போதும்.